இப்போதே ஆபரேஷனா, பொறுத்துப் பார்க்கலாமா? அப்பாவின் குடலிறக்கமும் சில சொற்களும்

அப்பாவுக்கு வலது தொடை இடுக்கில் எலுமிச்சம்பழ அளவில் ஒரு புடைப்பு. நின்றால் தெரியும், படுத்தால் உள்ளே போய்விடும். பெரிய வலி எதுவும் கிடையாது. தண்ணீர்க் குடம் தூக்கினால் கொஞ்சம் இழுக்கிற மாதிரி இருக்குமாம். "குடல் எறங்கியிருக்கு" என்று துறையூரில் பார்த்த மருத்துவர் சொல்லிவிட்டார். அதற்கு அப்புறம் மூன்று வாரத்தில் இரண்டு சர்ஜன்களைப் பார்த்தோம்.

முதலாமவர் திருச்சியில். கையால் அழுத்திப் பார்த்தார், இருமச் சொன்னார், உட்கார்ந்தார். "வெச்சுக்கிட்டே இருந்தீங்கன்னா எப்ப வேணும்னாலும் குடல் சிக்கிக்கும். சிக்கினா அழுகிடும், உயிருக்கே ஆபத்து. ஆபரேஷன் சின்னதுதான். மறுநாளே வீட்டுக்குப் போயிடலாம்."

இரண்டாமவர் அரசு மருத்துவமனையில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவர், மாமாவுக்குத் தெரிந்தவர். "வருஷத்துக்கு ஆயிரம் பேர்ல ரெண்டு பேருக்குத்தான் சிக்கும். தொந்தரவு இல்லேன்னா பொறுத்துப் பார்க்கலாம். ஆபரேஷன் பண்ணா உள்ளே வலை வைப்பாங்க. சிலருக்கு அந்த எடத்துல வலி மாசக்கணக்கா நிக்கும்."

இருவருமே பொய் சொல்லவில்லை. ஆனால் முதலாமவரைப் பார்த்துவிட்டுத் திரும்பும் பஸ்ஸிலேயே அம்மா எந்த மாதத்தில் வைத்துக்கொள்ளலாம் என்று பேச ஆரம்பித்துவிட்டார். இரண்டாமவரைப் பார்த்த அன்று இரவு, "எதுக்குக் கத்தி வைக்கணும், பேசாம விடுங்க" என்றார். தம்பியும் அப்படித்தான் மாறினான், நானும் அப்படித்தான். மூன்று வாரத்தில் அந்தப் புடைப்பு மட்டும் மாறவே இல்லை.

இது எனக்கு உறுத்தியது. இரண்டு வழிகளை ஒப்பிடுகிறோம் என்று நினைத்துக்கொண்டு நாங்கள் இரண்டு பேச்சுகளை ஒப்பிட்டுக்கொண்டிருந்தோம். முதலாமவர் காத்திருப்பதன் மிக மோசமான முடிவையும் ஆபரேஷனின் நல்ல முடிவையும் சொன்னார். இரண்டாமவர் ஆபரேஷனின் பக்கவிளைவையும் காத்திருப்பதன் எண்ணையும் சொன்னார். ஒருவருக்கு எண் கிடையாது, மற்றவருக்கு ஒரு பக்கத்துக்கு மட்டும்தான் எண்.

"எப்ப வேணும்னாலும்" என்ற சொல்லைக் கொஞ்சம் பாருங்கள். அது நடக்கக்கூடிய நேரத்தைப் பற்றிப் பேசுகிறது. எத்தனை பேருக்கு நடக்கும் என்பதைப் பற்றி அதில் ஒன்றுமே இல்லை. ஆனால் கேட்கிறவர் காதில் "அடிக்கடி" என்றுதான் விழுகிறது. மின்னல்கூட எப்ப வேணும்னாலும் தாக்கலாம். "சிலருக்கு வலி நிக்கும்" என்பதும் இதே ரகம்தான். சிலர் என்றால் நூறில் ஒருவரா, பத்தில் ஒருவரா?

அந்த 'ஆயிரத்தில் இரண்டு' எங்கிருந்து வந்தது என்று தேடினேன். வட அமெரிக்காவில் ராபர்ட் ஃபிட்ஸ்கிப்பன்ஸ் என்ற சர்ஜன் தலைமையில் 720 ஆண்களை வைத்து நடத்திய ஆய்வு, 2006இல் வெளிவந்தது. எல்லோருக்கும் தொடை இடுக்கில் குடலிறக்கம், தொந்தரவு மிகக் குறைவு அல்லது இல்லவே இல்லை. குலுக்கல் முறையில் பாதிப் பேருக்கு உடனே ஆபரேஷன், மீதிப் பேருக்குக் கண்காணிப்பு. குடல் திடீரென்று சிக்கிக்கொண்டது கண்காணிப்பில் இருந்தவர்களில் வருடத்துக்கு 1000 பேருக்கு 1.8 என்ற கணக்கு. இரண்டாமவர் சொன்ன எண் சரிதான்.

ஒன்றை இங்கேயே சொல்லிவிடுகிறேன். இந்த எண் தொந்தரவு குறைவான, உள்ளே தள்ளினால் போய்விடுகிற புடைப்புள்ள ஆண்களுக்கு மட்டும். பெண்களுக்கு வரும் குடலிறக்கத்தில் கணக்கே வேறு, அவர்களைப் பொதுவாகக் காத்திருக்கச் சொல்வதில்லை. யாராக இருந்தாலும் புடைப்பு கெட்டியாகி, உள்ளே போகாமல், வலியும் வாந்தியும் வந்தால் யோசனைக்கே இடமில்லை, அன்றைக்கே ஆஸ்பத்திரி.

சொல்கிற விதம் இந்த அளவுக்கு மனதை மாற்றும் என்பது எங்கள் வீட்டுப் பலவீனம் மட்டும் இல்லை. 1982இல் பார்பரா மெக்நீல், ஆமோஸ் ட்வெர்ஸ்கி முதலானோர் செய்த சோதனை ஒன்று மருத்துவ உலகில் பிரபலம். நுரையீரல் புற்றுநோய்க்கு இரண்டு சிகிச்சைகள். ஆபரேஷன் செய்துகொண்ட 100 பேரில் 90 பேர் அந்தக் கட்டத்தைத் தாண்டி உயிரோடு இருப்பார்கள், ஒரு வருடத்தில் 68 பேர், ஐந்து வருடத்தில் 34 பேர். கதிர்வீச்சு எடுத்துக்கொண்ட 100 பேரில் சிகிச்சை முடியும்போது 100 பேரும், ஒரு வருடத்தில் 77 பேரும், ஐந்து வருடத்தில் 22 பேரும் உயிரோடு இருப்பார்கள். இன்னொரு குழுவுக்கு இதே எண்களைப் புரட்டிப் போட்டுக் கொடுத்தார்கள். ஆபரேஷனில் 100 பேரில் 10 பேர் அப்போதே இறப்பார்கள், ஒரு வருடத்துக்குள் 32, ஐந்து வருடத்துக்குள் 66. கதிர்வீச்சில் 0, 23, 78.

கணக்கு ஒன்றேதான். ஆனால் பிழைப்பவர்கள் கணக்கைக் கேட்டவர்களில் 18 சதவீதம் பேர் கதிர்வீச்சைத் தேர்ந்தெடுத்தார்கள். இறப்பவர்கள் கணக்கைக் கேட்டவர்களில் 44 சதவீதம். 90க்கும் 100க்கும் உள்ள இடைவெளி நமக்குப் பெரிதாகத் தெரிவதில்லை. ஒருவரும் சாகமாட்டார் என்பதற்கும் பத்துப் பேர் சாவார்கள் என்பதற்கும் உள்ள இடைவெளி பூதாகரமாகத் தெரிகிறது. கேட்கப்பட்டவர்களில் நோயாளிகள், மாணவர்களோடு டாக்டர்களும் இருந்தார்கள். அவர்களும் இதே மாதிரிதான் சாய்ந்தார்கள். படித்தவர்களுக்கு இது நடக்காது என்று நினைத்திருந்தேன், சரி, விடுங்கள்.

எண்ணே இல்லாமல் பெயர் மட்டும் மாறினாலும் இதே கதைதான். மார்பகப் பால்குழாய்க்குள்ளேயே அடங்கியிருக்கும் ஆரம்பநிலை மாற்றம் ஒன்று உண்டு. 2013இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், ஆரோக்கியமான 394 பெண்களிடம் அந்த நிலையை மூன்று பெயர்களில் விவரித்து, வந்தால் என்ன செய்வீர்கள் என்று கேட்டார்கள். 'பரவாத புற்றுநோய்' என்றபோது 47 சதவீதம் பேர் ஆபரேஷன் என்றார்கள். 'மார்பகப் புண்' என்ற மாதிரிப் பெயர் வைத்தபோது 34 சதவீதம். 'இயல்பு மாறிய செல்கள்' என்றபோது 31 சதவீதம்.

எங்கள் வீட்டிலும் பெயர்தான் பாதி வேலையைச் செய்தது. டாக்டர்கள் கண்காணிப்பு என்று சொல்கிற வழியை முதலாமவர் "அப்படியே விட்டுடறது" என்றார். அந்தச் சொல்லைக் கேட்டதும் அப்பாவைக் கவனிக்காமல் விட்ட பிள்ளைகள் என்று ஊர் பேசுவது காதில் கேட்டது. அதே வழியை இரண்டாமவர் "பொறுத்துப் பார்க்கலாம்" என்றபோது நிதானமான, விவரம் தெரிந்த குடும்பம் மாதிரி இருந்தது. ஆபரேஷனுக்கும் அப்படித்தான். "கத்தி வைக்கிறது" என்றால் ஒரு பயம், "சின்ன ஓட்டை போட்டுப் பண்றது" என்றால் காது குத்துவது போல ஓர் அலட்சியம்.

முதலாமவர் மேல் எனக்குக் கோபம் இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். ராத்திரி இரண்டு மணிக்குக் குடல் கறுத்துப்போய் வருகிறவரைப் பார்ப்பது அவர்தான். பத்து வருடம் ஒன்றும் ஆகாமல் வயலுக்குப் போய்வருகிறவர் அவரிடம் வருவதே இல்லை. தவிர, ஒருவர் எந்தப் பக்கத்தை எடுத்துச் சொல்கிறார் என்பதே அவருடைய அபிப்பிராயத்தைக் காட்டிக்கொடுக்கும். "90 பேர் பிழைப்பார்கள்" என்று சொல்லும் டாக்டர் "செய்துகொள்ளுங்கள்" என்றும் சேர்த்தே சொல்கிறார். அனுபவசாலியின் அபிப்பிராயமும் தகவல்தான். எது எண், எது அபிப்பிராயம் என்று நாம் பிரித்துக் கேட்டுக்கொள்ள வேண்டியிருக்கிறது, அவ்வளவுதான்.

சரி, இரண்டு வழிகளையும் ஒரே அளவுகோலில் வைக்கலாம் என்று உட்கார்ந்தேன். இரண்டுக்கும் ஆயிரம் பேர், இரண்டுக்கும் இரண்டு வருடம். அந்த 720 பேர் ஆய்வின் எண்களை வைத்து டைரியில் எழுதிக்கொண்டது இது.

இப்போதே ஆபரேஷன் என்றால், இரண்டு வருடத்தில் 1000 பேரில் 14 பேருக்கு மறுபடியும் இறங்கும், 986 பேருக்கு இறங்காது. அன்றாட வேலையைத் தடுக்கும் அளவுக்கு வலி 22 பேருக்கு, 978 பேருக்கு இல்லை.

கண்காணிப்பு என்றால், இரண்டு வருடத்தில் குடல் சிக்குவது 4 பேருக்கும் குறைவு, 996க்கு மேல் சிக்காது. வேலையைத் தடுக்கும் வலி 51 பேருக்கு, 949 பேருக்கு இல்லை. 230 பேர் அதற்குள் தாங்களாகவே ஆபரேஷனுக்கு மாறிவிடுவார்கள், பெரும்பாலும் வலி கூடியதால். 770 பேர் மாறமாட்டார்கள்.

எழுதிப் பார்த்ததும் ஆச்சரியம். வலி விஷயத்தில் நாங்கள் ஆபரேஷனுக்குத்தான் பயந்துகொண்டிருந்தோம். இந்த ஆய்வில் காத்திருந்தவர்களிடம்தான் வலி கொஞ்சம் கூடுதலாக இருந்திருக்கிறது. அந்த வித்தியாசம் தற்செயலாகவும் இருக்கலாம் என்ற அளவில்தான் இருந்தது, ஆகவே அதை வைத்து ஆபரேஷன் பக்கம் சாயவும் முடியாது. ஆனால் "ஆபரேஷன் பண்ணா வலி நிக்கும்" என்று ஒரு தட்டில் மட்டும் வலியை வைத்தது எவ்வளவு தப்பு என்று தெரிந்தது. அதிலும் ஒரு சிக்கல். 2018இல் வந்த சர்வதேச வழிகாட்டுதல், ஆபரேஷனுக்குப் பிறகு நாள்பட்ட வலி 10 முதல் 12 சதவீதம் என்கிறது. இங்கே 2.2 சதவீதம். எது சரி? இரண்டும்தான். ஒன்று நாள்பட நிற்கிற, பொருட்படுத்தத்தக்க வலியை எல்லாம் எண்ணுகிறது. மற்றது வேலையை நிறுத்துகிற வலியை மட்டும் எண்ணுகிறது. வலி என்ற ஒரே சொல்லுக்குள் ஐந்து மடங்கு வித்தியாசம் ஒளிந்திருக்கிறது.

மடங்கு என்றதும் இன்னொன்று. குடல் சிக்கி அவசரமாகச் செய்யும் ஆபரேஷனில் உயிர் போகும் அபாயம், திட்டமிட்டுச் செய்வதைவிடப் பல மடங்கு அதிகம் என்று எல்லா இடத்திலும் போட்டிருக்கிறார்கள். உண்மைதான். ஆனால் பல மடங்கு என்பதைத் தனியாக யாராவது சொன்னால் இப்போதெல்லாம் "எதிலிருந்து எதற்கு?" என்று கேட்கிறேன். 1995 அக்டோபரில் பிரிட்டனில் மருந்துப் பாதுகாப்புக் குழு ஓர் எச்சரிக்கை விட்டது. மூன்றாம் தலைமுறைக் கருத்தடை மாத்திரைகள் ரத்தம் உறையும் அபாயத்தை இரண்டு மடங்காக்குகின்றன என்று. பெண்கள் பயந்துபோய் மாத்திரையை நிறுத்தினார்கள். உண்மையில் 7000 பெண்களில் ஒருவருக்கு இருந்தது இரண்டு பேருக்கு ஆகியிருந்தது. அடுத்த வருடம் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் சுமார் 13,000 கருக்கலைப்புகள் கூடுதலாக நடந்தன என்று மதிப்பிட்டார்கள். கர்ப்பத்தில் ரத்தம் உறையும் அபாயம் அந்த மாத்திரையில் இருப்பதைவிட அதிகம் என்பதுதான் கொடுமை.

அந்தப் பல மடங்குகூட, முதலில் சிக்குகிற அந்த ஆயிரத்தில் இரண்டு பேருக்குத்தான் பொருந்தும்.

டைரியை எடுத்துக்கொண்டு ஊருக்குப் போனேன். அப்பா 31 வருடம் அரசுப் பேருந்தில் நடத்துனர். எண்களைக் கேட்டுவிட்டு அவர் பாஷையிலேயே பேச ஆரம்பித்தார்.

"ஆயிரம் வண்டி எடுத்தா வருஷத்துக்கு ரெண்டு வண்டி நடுவழியில நிக்கும்ங்கிற. அவ்ளோதானே? எங்க டிப்போவுல ஒரு வாரத்துக்கே அதைவிட நிக்கும்."

"ஆமாப்பா."

"ஒரு வருஷத்துக்குச் சொல்ற. எனக்கு இன்னும் எத்தனை வருஷம்னு கணக்கு வெச்சிருக்க?"

இதற்கு நான் தயாராக இல்லை. அப்பாவுக்கு 66. பேனாவை எடுத்து, பதினைந்து வருடம் என்று பொதுவாக வைத்துக்கொண்டு பெருக்கினேன். அதே விகிதம் நீடித்தால் ஆயிரத்துக்கு 27 பேர், அதாவது 37 பேரில் ஒருவர். ஒரு பஸ்ஸில் உட்கார்ந்திருப்பவர்களில் ஒருவர். அப்பா கொஞ்ச நேரம் பேசவில்லை.

அவர் கேட்ட கேள்வி ஆராய்ச்சியாளர்கள் கேட்டதுதான் என்று அப்புறம் தெரிந்தது. 1978இல் பால் ஸ்லோவிக்கும் சகாக்களும் அமெரிக்கர்களிடம் கார் சீட் பெல்ட் பற்றிக் கேட்டார்கள். ஒரு பயணத்தில் உயிர் போகும் வாய்ப்பு 35 லட்சத்தில் ஒன்று என்று சொன்னபோது 10 சதவீதம் பேர்தான் இனிமேல் பெல்ட் போடுவோம் என்றார்கள். அதையே ஐம்பது வருடம், நாற்பதாயிரம் பயணம் என்று கூட்டி, வாழ்நாளில் நூறில் ஒருவர் சாவார், மூன்றில் ஒருவருக்கு முடங்கிப்போகும் அளவு காயம் படும் என்று சொன்னபோது 39 சதவீதம். வருடக் கணக்கும் வாழ்நாள் கணக்கும் ஒரே உண்மைதான். காத்திருக்கச் சொல்கிறவர் வருடத்தைப் பிடித்துக்கொள்வார், கத்தியைப் பிடிக்கச் சொல்கிறவர் வாழ்நாளைப் பிடித்துக்கொள்வார்.

அம்மா அதுவரை வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். "வண்டி நிக்கிறது இருக்கட்டும். எங்க நிக்குது? சத்திரம் பஸ் ஸ்டாண்டுல நின்னா வேற வண்டி புடிக்கலாம். நடுராத்திரி மலை அடிவாரத்துல நின்னா?"

எந்த ஆய்வும் எனக்குச் சொல்லாத விஷயம் இது. எங்கள் ஊர் பச்சைமலை அடிவாரம். திருச்சிக்குக் கிட்டத்தட்ட ஒன்றரை மணி நேரம், அதுவும் வண்டி கிடைத்தால். சிக்கிய குடலுக்கு ரத்தம் நின்றால் மணிக்கணக்கில்தான் அவகாசம். பெரிய ஆஸ்பத்திரிக்குப் பக்கத்துத் தெருவில் இருப்பவருக்கும் எங்கள் அப்பாவுக்கும் 'ஆயிரத்தில் இரண்டு' என்பது ஒன்றுதான். அந்த இரண்டில் ஒருவராகிவிட்டால் நடப்பது ஒன்றாக இருக்காது. என் டைரியில் நான் எழுதியது நடக்கும் வாய்ப்பை மட்டும்தான். நடந்தால் எவ்வளவு மோசம் என்பதற்குப் பத்தியே போடவில்லை. அம்மா போட்டார்.

அடுத்ததாக நான் சொன்னதுதான் முடிவையே தீர்மானித்தது என்று நினைக்கிறேன். அதே ஆய்வில் கண்காணிப்பில் இருந்தவர்களைத் தொடர்ந்து கவனித்து 2013இல் இன்னொரு கட்டுரை வந்தது. பத்து வருடத்தில் 100க்கு 68 பேர் ஆபரேஷனுக்கு மாறியிருப்பார்கள் என்று மதிப்பீடு. 65 வயதைத் தாண்டியவர்களை மட்டும் பார்த்தால் 79 பேர். பெரும்பாலும் அவசரத்தால் மாறியவர்கள் இல்லை. வலிதான் அதிகம் பேர் சொன்ன காரணம். அவசர ஆபரேஷன் தேவைப்பட்டது மூன்று பேருக்கு மட்டும், அந்த மூவரில் யாரும் இறக்கவும் இல்லை.

"அப்பா, உங்க வயசுல நூத்துக்கு 79 பேர் எப்படியும் பத்து வருஷத்துல பண்ணிக்கிறாங்களாம்" என்றேன்.

இதைச் சொன்னதும் பேச்சின் திசையே மாறிவிட்டது. அதுவரை ஆபரேஷன் வேண்டுமா வேண்டாமா என்று இருந்தது, இப்போதா அப்புறமா என்று ஆகிவிட்டது. அப்படிக் கேட்டால் பதில் சுலபம். 66 வயதில், சர்க்கரை இல்லாதபோது, நாமாகத் தேதி குறித்துச் செய்வதா, 76 வயதில் என்னென்ன சேர்ந்திருக்குமோ அத்தனையோடும் செய்வதா?

"எஃப்.சி.க்கு எப்படியும் வண்டிய விட்டுத்தான் ஆகணும்" என்று அப்பா எழுந்துபோய் காலண்டரைப் புரட்டினார். பங்குனியில் கோயில் திருவிழா. அது முடிந்த மறுவாரம் என்று பென்சிலால் வட்டம் போட்டார். எந்த டாக்டர் என்பதில் மட்டும் குழப்பமே வரவில்லை. திருச்சி டாக்டர்தான். பயமுறுத்தினாலும் கை சுத்தம் என்று இரண்டாமவரே சொல்லியிருந்தார்.

சென்னைக்குத் திரும்பும்போது, பெரம்பலூர் தாண்டியதும், உறைத்தது. நான் 79 என்று சொன்னேன். 21 என்று சொல்லவே இல்லை. உங்கள் வயதில் 100 பேரில் 21 பேர் பத்து வருடம் கழித்தும் கத்தியே படாமல் நடமாடிக்கொண்டிருக்கிறார்கள் என்று ஆரம்பித்திருந்தால் அப்பா காலண்டரை எடுத்திருப்பாரா? டைரியில் மற்ற வரிக்கெல்லாம் இரண்டு பக்கமும் எழுதியவள், இந்த ஒரு வரிக்கு மட்டும் ஒரு பக்கத்தைத்தான் எழுதியிருந்தேன். எனக்கு உள்ளுக்குள் ஆபரேஷன் பக்கம் சாய்வு இருந்திருக்கிறது போல. ராத்திரி போன் வந்து, நான் சென்னையில் இருந்து, முந்நூறு கிலோமீட்டர் பதறிக்கொண்டு வருகிற காட்சி.

வீட்டுக்கு வந்ததும் போன் பண்ணி 21ஐச் சொன்னேன்.

"இத அன்னைக்கே சொல்லியிருந்தா?" என்றார் அப்பா.

"சொல்லியிருந்தா என்னப்பா பண்ணியிருப்பீங்க?"

கொஞ்ச நேரம் சத்தமில்லை. பின்னால் டிவியில் செய்தி ஓடிக்கொண்டிருந்தது.

"தெரியலையேம்மா" என்றார். "வட்டம் பென்சில்லதான் போட்டிருக்கேன். திருவிழா முடியட்டும்."